வாக்குத்தத்த அட்டையும் செலவுக் கணக்கும்: விசுவாசத்தோடு தொழில் தொடங்குவது எப்படி?

பெங்களூர் சிவாஜிநகரில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். டிசம்பர் முழுக்க எங்களுக்கு வாக்குத்தத்த அட்டை வேலைதான். சபையின் பெயர், வருஷம், அந்த வருஷம் கர்த்தர் தரும் வாக்காக ஒரு வசனம், பின்னால் எப்போதும் அதே சூரிய உதயம். அந்த அட்டையை 31ஆம் தேதி இரவு ஆராதனையில் கையில் வாங்கியவர்களில் இரண்டு மூன்று பேராவது ஜனவரி முதல் வாரம் என் கடைக்கே வந்து நிற்பார்கள், இந்த முறை விசிட்டிங் கார்டு அடிக்க. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று உபாகமம் 28:13 வந்திருக்கும். வேலையை விட்டுவிட்டேன் அண்ணா, சொந்தமாக ஆரம்பிக்கப் போகிறேன் என்பார்கள். என்ன தொழில் என்று கேட்டால்தான் கொஞ்சம் இழுப்பார்கள்.

இந்த வருஷம் வந்தவன் லிங்கராஜபுரத்துத் தம்பி ஒருவன். இவனுக்குத் தொழில் தெளிவாகத் தெரிந்திருந்தது: இட்லி மாவு. அம்மா அரைக்கும் மாவுக்குத் தெருவில் நல்ல பேர். 5,000 லேபிள் அடிக்க வேண்டும், மேலே 'யேகோவாயீரே' (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) என்று பெரிய எழுத்தில். இதுவரை எத்தனை பாக்கெட் விற்றாய் என்று கேட்டேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை அண்ணா என்றான். லேபிள் அடித்தால் எனக்குத்தான் வருமானம், ஆனாலும் மனசு கேட்கவில்லை, உட்காரு என்று சொல்லி ஒரு பழைய நோட்டை எடுத்துப் போட்டேன். மூன்று நாலு சாயங்காலம் போனது. அதில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், முதன்முதலாகத் தொழில் யோசிக்கிறவர்களுக்காக.

முதலில் ஒரு வார்த்தை. தமிழ் பைபிளில் உக்கிராணக்காரன் என்று வரும், நாம் அதைப் பிரசங்க வார்த்தை என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். உக்கிராணம் என்றால் சரக்கு அறை. பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கன்னடத்தில் இன்றைக்கும் கிடங்குக்கு உக்ராண என்றுதான் பெயர், அரசாங்கக் கிடங்கு வாசலில் அப்படியே எழுதியிருக்கும். உக்கிராணக்காரன் அந்த அறையின் சாவியை வைத்திருக்கும் ஆள். சரக்கு அவனுடையது இல்லை, ஆனால் உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று அவன்தான் சொல்ல வேண்டும். லூக்கா 16இல் முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கேட்பதும் ஒரே விஷயம்தான்: உக்கிராணக் கணக்கை ஒப்புவி. விசுவாசத்தோடு தொழில் செய்வது என்பதன் மொத்தக் கருத்தும் இந்த ஒரு ஆளில் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். கடையும் முதலும் நேரமும் கர்த்தருடையது, நான் சாவிக்காரன், அதனால் எனக்குக் கணக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சும்மா ஜெபித்துவிட்டு நோட்டைத் திறக்காமல் இருக்கிற உக்கிராணக்காரனை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த அதிகாரங்களைத் தேட வேண்டாம், இரண்டு அதிகாரம் முன்னால் லூக்கா 14:28இலேயே கோபுரம் கட்டப் போகிறவன் வருகிறான். முன்பு "உட்கார்ந்து" செல்லும் செலவைக் கணக்குப் பார்க்காமல் இருப்பானோ என்று இயேசு கேட்கிறார். நேர்மையாகச் சொன்னால் அவர் அங்கே பேசுவது தம்மைப் பின்பற்றுவதைப் பற்றி, கடை வைப்பதைப் பற்றி இல்லை. ஆனால் புத்தியுள்ள எவனும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் அஸ்திவாரம் போடுவான் என்பதைக் கேட்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக வைத்துத்தான் பேசுகிறார், அதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, உட்கார்ந்தோம். விலையெல்லாம் தம்பி சொன்னது, உங்கள் ஏரியாவில் வேறாக இருக்கும், முறையை மட்டும் பாருங்கள். இட்லி அரிசி ஒரு கிலோ 45 ரூபாய், கால் கிலோ உளுந்து 32, வெந்தயமும் உப்பும் 3. மொத்தம் 80. தண்ணீர் சேர்ந்து மூன்று கிலோ மாவு வரும், ஆக கிலோவுக்கு 27 ரூபாய். கவர், லேபிள் 3. கரண்ட், தண்ணீர் 3. ஒரு கிலோ பாக்கெட் அவன் கையை விட்டுப் போகும்போது 33 ரூபாய் செலவாகியிருக்கும். கடைக்காரருக்கு 50க்குப் போட்டால் அவர் 60க்கு விற்பார். கையில் நிற்பது 17.

பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஒரு நாளைக்கு 50 கிலோ போட்டால் 850 ரூபாய் லாபம் அண்ணா என்றான். வாடகை எங்கே என்று கேட்டேன். எழுதினான்: இடத்துக்கு 15,000, பாதி நாள் வேலைக்கு ஒரு அக்கா 12,000, வண்டி பெட்ரோல் 4,000. உன் சம்பளம்? அது லாபத்தில் வருமே அண்ணா என்றான். இந்த இடத்தில்தான் முதல்முறை தொடங்குகிற பாதிப் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: உங்கள் சம்பளத்தை நீங்கள் எழுதாவிட்டால் உங்கள் வீடு அந்தத் தொழிலுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது, வீட்டம்மாவுக்கு அது தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. அவன் சம்பளம் 20,000 என்று எழுதினோம். ஆக மாதம் 51,000. அதை 17ஆல் வகுத்தால் 3,000 கிலோ, ஒரு நாளைக்கு 100 கிலோ. இது லாபம் இல்லை, அவன் நஷ்டப்படாமல் நிற்பதற்கு.

இத்தோடு முடியவில்லை. மாவு திரும்பி வரும். ஏப்ரல் வெயிலில் இரண்டாம் நாளே புளித்துப் பொங்கிவிடும், கடைக்காரர் பாக்கெட்டைத் தூக்கி வைத்து இதை மாத்திக் கொடுப்பா என்பார். பத்தில் ஒன்று திரும்பும் என்று வையுங்கள். பத்து பாக்கெட் செய்ய 330 ரூபாய், ஒன்பது விற்று வருவது 450, கிலோவுக்கு 17 இருந்தது 12 ஆகிவிட்டது. 51,000ஐ 12ஆல் வகுத்தால் 4,250 கிலோ. நாளைக்கு 142. தம்பி பேனாவை வைத்துவிட்டு டீ சொல்லட்டுமா அண்ணா என்றான்.

டீ வந்தது. அப்புறம் அவனே கேட்டான், ஞாயிற்றுக்கிழமை அண்ணா? ஞாயிறு அடைத்தால் மாதத்துக்கு 26 நாள். அதே 4,250ஐ 26ஆல் வகுத்தால் நாளைக்கு 164 கிலோ. அதாவது ஓய்வுநாளின் விலை இந்தத் தொழிலில் ஒரு நாளைக்கு 22 கிலோ மாவு. இப்படி எண்ணிக்கையில் பார்ப்பதைச் சிலர் தப்பாக நினைக்கலாம், ஆனால் விலை தெரிந்து அடைக்கிறவன்தான் ஆறு மாதம் கழித்தும் அடைப்பான், தெரியாமல் அடைத்தவன் முதல் நஷ்ட மாதத்திலேயே ஆராதனையை விட்டுவிட்டு டெலிவரிக்குப் போவான், பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஞாயிறு காலை இட்லி தோசைக்கு மாவு விற்பது சனிக்கிழமை சாயங்காலம்தான், ஆகவே சனிக்கிழமை இரட்டிப்பாக அரைக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். பால், மருந்து மாதிரி நிறுத்த முடியாத தொழில் உள்ளவர்கள் வேறு நாளில் ஓய்வு எடுக்கட்டும். ரோமர் 14இல் நாள் விசேஷத்தைப் பற்றி அவனவன் மனதில் நிச்சயமாக இருக்கட்டும் என்று பவுல் விட்டுவிடுகிறார், நானும் விட்டுவிடுகிறேன்.

தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, எதிலிருந்து? இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே எத்தனையோ பேர் தப்பாகச் செய்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் விற்பனை 3,825 கிலோ, 50 ரூபாய் வீதம் 1,91,250. கல்லாவில் வந்ததில் பத்தில் ஒன்று என்று எடுத்தால் 19,125 ரூபாய், அது கிட்டத்தட்ட அவன் முழுச் சம்பளம். அந்த 1,91,250இல் பெரும்பகுதி அரிசிக்காரருடையது, வாடகைக்காரருடையது, வேலை செய்த அக்காவுடையது. அடுத்தவர் பணத்தில் காணிக்கை போடுவது தாராளம் இல்லை. தன் 20,000இல் 2,000, வருஷ முடிவில் லாபம் நின்றால் அதில் ஒரு பங்கு, இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் பாஸ்டரோ ஃபாதரோ வேறு மாதிரி சொன்னால் அவரிடம் இந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, அவ்வளவு பெருமையான தகுதி இல்லை. சில வருஷம் முன்னால் ஒரு மார்ச்சில் வரவேண்டிய பணம் எதுவும் வரவில்லை, பேப்பர்காரர் நெருக்கினார், அவருக்குக் கொடுத்துவிட்டேன். மெஷின் ஓட்டுகிற பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தபோது தேதி 19. ஆனால் அந்த மாதத் தசமபாகத்தை மட்டும் முதல் ஞாயிறே கவரில் போட்டிருந்தேன். ஒரு பையன், கிறிஸ்தவன் இல்லை, சம்பளத்தை எண்ணிக்கொண்டே "சார், சர்ச்சுக்குக் கொடுத்துட்டீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. கூலிக்காரன் கூலியைப் பொழுது போகுமுன் கொடு என்று உபாகமம் 24:15 சொல்கிறது, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடு என்று நாட்டுச் சட்டம் சொல்கிறது. இரண்டையும் மீறிவிட்டுப் போட்ட கவர் அது.

இப்போது தராசு. நீதிமொழிகள் 11:1 எல்லோருக்கும் மனப்பாடம்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." எபிரேயத்தில் இரண்டாவது பாதியில் வருவது நிறைவான கல் என்பதுதான். தமிழில் பெயர்த்தவர்கள் சுமுத்திரை, அதாவது நல்ல முத்திரை போட்ட கல் என்று எழுதிவிட்டார்கள். அந்த முத்திரை இன்றைக்கும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி கடைத் தராசை அரசு அலுவலர் சோதித்து முத்திரை போட வேண்டும், எலெக்ட்ரானிக் தராசு என்றால் வருஷத்துக்கு ஒரு முறை. மாவு பாக்கெட்டில் ஏமாற்றுவது ரொம்பச் சுலபம், ஏனென்றால் புளித்தால் உப்பும், 970 கிராம் போட்டாலும் பார்வைக்கு ஒன்றரைக் கிலோ மாதிரி இருக்கும். தம்பியிடம் அதையும் கணக்குப் போடச் சொன்னேன். பாக்கெட்டுக்கு 30 கிராம் குறைத்தால் 142 பாக்கெட்டில் 4 கிலோவுக்கு மேல், 33 ரூபாய் வீதம் நாளைக்கு 140, மாதம் சுமார் 4,200 ரூபாய். கள்ளத்தராசு கொடுக்கும் சம்பளம் அவ்வளவுதான். நெருக்கடியான மாதத்தில் 4,200 ரூபாய் ரொம்பப் பெரிதாகத் தெரியும் என்பதால்தான் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

விலையிலும் இப்படி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், பேரம் பேசுவதே வழக்கமாக இருந்த காலத்தில், எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்தார்கள். ஆளுக்கு ஒரு விலை சொல்வது பொய் என்பது அவர்கள் வாதம். குழந்தையை அனுப்பினாலும் அதே விலைக்குச் சரக்கு வரும் என்ற நம்பிக்கையில் கூட்டம் சேர்ந்தது. 1824இல் பர்மிங்காமில் டீயும் கோகோவும் விற்கக் கடை திறந்த ஜான் காட்பரி அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்தான். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பாதி விலைக்குக் கேட்டுப் பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

நம் பக்கத்துக் கதை இதைவிட எனக்கு நெருக்கம். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1834இலிருந்து வேலை செய்தார்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்களில் பலர் சாதியோடு சேர்த்துக் குலத்தொழிலையும் பிழைப்பையும் இழந்தார்கள், அவர்களுக்கு வேலை வேண்டும் என்பதற்காகவே நெசவுச்சாலை வந்தது, 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை வந்தது. பழைய பெங்களூர் வீடுகளில் இன்னமும் நிற்கிற மங்களூர் ஓட்டின் தொடக்கம் அது. அந்தத் தொழிலை ஆரம்பிக்கும்போது கேட்கப்பட்ட கேள்வி யாருக்குப் பிழைப்பு இல்லை என்பது. நீங்கள் ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைக்கும்போதும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். ஆனால் வேலைக்கு வந்தவரைக் காலை ஜெபத்தில் நிற்கக் கட்டாயப்படுத்தாதீர்கள், சம்பளம் கொடுக்கிறவர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது.

கடன் விஷயம். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்பது நீதிமொழிகள் 22:7. கடனே வாங்காதே என்று அது சொல்லவில்லை, வாங்கினால் யாருக்கு அடிமை ஆகிறாய் என்று பார் என்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தண்டல்காரர் 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால் வருஷ வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதைவிட, சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடன் எவ்வளவோ மேல்: சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம், அதற்கு மேல் கிஷோர் 5 லட்சம் வரை. கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர் பட்டியலில் இருப்பதால் 1994இல் தொடங்கிய தேசியச் சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகத்தின் கடனும் மாநில அமைப்பு வழியாக உண்டு, அலைய வேண்டியிருக்கும், அலையலாம்.

சகோதரர்தானே என்று எழுத்து இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், மாதம் 5 சதவீதம் தருகிறேன் என்றார், கண்ணீரோடு சாட்சி சொன்னார், நான் 60,000 கொடுத்தேன். பத்திரம் கேட்பது அவிசுவாசம் மாதிரி இருக்குமே என்று கேட்கவில்லை. இரண்டு மாதம் வந்தது, அப்புறம் ஆளும் வரவில்லை. எரேமியா 32ஐ அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். தீர்க்கதரிசி, காவலில் இருக்கிறார், நிலத்தை வாங்கு என்று கர்த்தரே சொல்லியிருக்கிறார், விற்கிறவன் அப்பாவின் கூடப்பிறந்தவர் மகன். அப்படியும் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, மண்பானையில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். எரேமியாவுக்கே பத்திரம் வேண்டியிருந்தது. கூட்டு சேர்கிறவர்களுக்கும் இதேதான்: சாதாரணக் கூட்டு நிறுவனத்தில், 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டாளி வாங்கிய கடைக் கடனுக்கு உங்கள் வீடும் பொறுப்பு. 2 கொரிந்தியர் 6:14இல் வரும் அந்நிய நுகம் என்பதை வேறு மதத்தவரோடு கூட்டு வைக்காதே என்று மட்டும் படிக்கிறோம். நான் என்றால் அந்த ஆள் முன்பு வாங்கிய கடனை எப்படி அடைத்தார் என்று விசாரிப்பேன், அவர் எந்த ஆராதனைக்குப் போகிறார் என்பது அப்புறம்.

காகித வேலை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உணவுப்பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்பு அமைப்பில், விற்பனை அளவைப் பொறுத்து, பதிவோ லைசன்ஸோ, மாநகராட்சி டிரேட் லைசன்ஸ், கடைகள் சட்டப் பதிவு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், வசனத்துக்கு மீதியில் இடம் பாருங்கள். ஜிஎஸ்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். பொருள் விற்றால் வருஷம் 40 லட்சம் வரை பதிவு கட்டாயம் இல்லை, தம்பியின் மாவு வருஷத்துக்கு 23 லட்சத்துக்குள் நிற்கிறது. அதே மாவை இட்லியாக ஊற்றிக் கடையில் விற்றால் சட்டத்தின் கண்ணில் அது சேவை, வரம்பு 20 லட்சம், அப்போது பதிவு செய்ய வேண்டும். 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்து வரித்துறை நோட்டீஸ் அனுப்பியதும் பெங்களூரில் எத்தனை பேக்கரி, பெட்டிக்கடை வாசலில் ஸ்கேன் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதினார்கள் என்பது ஞாபகம் இருக்கும். சிலருக்கு உண்மையிலேயே தெரியவில்லை, சிலருக்குத் தெரியும். உக்கிராணக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போ இது கர்த்தருடைய சித்தமா இல்லையா என்று எப்படித்தான் தெரியும்? தம்பி கடைசியில் இதைத்தான் கேட்டான். விவேக்நகர் குழந்தை இயேசு கோவிலில் வியாழக்கிழமை நிற்கிறவர்கள் மனசிலும், எங்கள் உபவாச ஜெபத்திலும் ஓடுகிற கேள்வி இதுதான். ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் எண்ணங்கள் உறுதிப்படும் என்று நீதிமொழிகள் 15:22 சொல்கிறது. நாம் ஆமென் சொல்கிறவர்களிடம் மட்டும் ஆலோசனை கேட்கிறோம். மாவு பாக்கெட் விற்கிற கடைக்காரர் நாலு பேரைக் கேள், ஏற்கெனவே மாவு போட்டு நிறுத்தியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேள் என்றேன். வேலையை உடனே விடாதே என்றும் சொன்னேன். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தது அப்போஸ்தலர் 18இல் இருக்கிறது, வாரம் முழுக்கத் தையல், ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் பேச்சு.

நல்லவேளை, அவன் ராஜினாமாக் கடிதம் இன்னும் மொபைலில்தான் இருந்தது, அனுப்பியிருக்கவில்லை. இப்போது சனிக்கிழமை மட்டும் அம்மா வீட்டு கிரைண்டரில் 40 கிலோ. சின்ன அளவுக்கும் வேண்டிய எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை முதலில் வாங்கிவிட்டான், தராசுக்கும் முத்திரை போட்டாயிற்று. கம்மனஹள்ளியில் மூன்று கடை, லிங்கராஜபுரத்தில் இரண்டு. 200 ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தேன், அதில் சட்டம் கேட்கும் எடை, விலை, தேதியெல்லாம் போட்டு மிச்ச இடத்தில் யேகோவாயீரே சின்ன எழுத்தில்தான் வந்தது. போன சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணினான். ஏழு பாக்கெட் திரும்பி வந்துவிட்டதாம், பத்துக்கு ஒன்று என்று போட்டோமே, இது கிட்டத்தட்ட ஆறுக்கு ஒன்று, அந்த எண்ணை மாற்றிக் கணக்கை மறுபடி போட வேண்டும் அண்ணா, செவ்வாய்க்கிழமை கடையில் இருப்பீங்களா என்றான்.